அகதிப் பெண்ணின் பாடம்: தர்மமா, கடனா?

சென்ற ரமளானில் ஒரு நாள் தராவீஹ் தொழுகை முடிந்தபின், பள்ளிவாசலின் வெளித்தாழ்வாரத்தில் சிலர் அமர்ந்து ஜகாத் பங்கீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்தத் தெருவில் எத்தனை விதவைகள், எந்த வீட்டுக்கு எவ்வளவு அரிசி என்ற வழக்கமான கணக்குதான். அப்போது கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் வந்திருந்த ஒரு வேண்டுகோளைப் படித்துக் காட்டினார். ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிப் பாகிஸ்தானில் அகதிகளாக ஒதுங்கியிருக்கும் பெண்களுக்கு இணையத்தின் வழியாக இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறார்களாம். அதற்கு உதவி கேட்டிருந்தார்கள். "இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாமே" என்றார் அவர்.

கூட்டத்தில் மூத்தவரான ஹாஜியார் சிரித்துவிட்டார். "தம்பி, பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம். வீடு வாசல் இழந்து நிற்பவளுக்குக் கைப்பேசியில் பாடம் அனுப்புவது என்ன தர்மம்? முதலில் அவள் வயிறு நிறையட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்.

நாம் அன்று பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. ஹாஜியார் இரக்கமற்றவர் அல்லர். ஊரில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை மற்ற எவரையும்விட அவர்தாம் முதலில் அறிவார். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. நம் வீடுகளிலும் பலர் அப்படித்தான் எண்ணுகிறோம். சோறும் துணியும் கூரையும் தேவைகள். கல்வி என்பது அவையெல்லாம் கிடைத்தபின் வரவேண்டிய அலங்காரம். அதிலும் அகதி, அதிலும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீடு திரும்பிப் படுத்தபின்தான் ஒரு பெண்மணியின் நினைவு வந்தது. அவர் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள்.

மக்காவின் கொடுமை தாங்காமல் தம் கணவர் ஜஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்களுடன் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்ற அகதிப் பெண் அவர். அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பிள்ளைகளைப் பெற்றதும் அங்கேதான். ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டு, கைபர் வெற்றி கொள்ளப்பட்ட வேளையில், கப்பலில் வந்த கூட்டத்தோடு மதீனாவை அடைந்தார். ஒரு நாள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களைக் காண வந்திருந்தபோது உமர் (ரலி) அவர்கள் உள்ளே வந்தார்கள். வந்திருப்பவர் யார் என்று விசாரித்து அறிந்ததும், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம், ஆகவே அல்லாஹ்வின் தூதரிடம் எங்களுக்கே உரிமை அதிகம் என்ற கருத்தில் பேசினார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் சொன்ன மறுமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: நீங்கள் பெருமானாருடன் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு அறிவுரை கூறினார்கள், நாங்களோ உற்றார் எவருமில்லாத தூர தேசத்தில் கிடந்தோம். இதை நபியவர்களிடம் சொல்லும்வரை உண்ணவும் பருகவும் மாட்டேன் என்றும் சத்தியம் செய்துவிட்டார்கள்.

நாம் இந்த ஹதீஸைப் பலமுறை படித்திருக்கிறோம். ஹிஜ்ரத்தின் சிறப்பைச் சொல்லும் செய்தி என்ற அளவில் கடந்து போயிருக்கிறோம். அன்றிரவுதான் அந்த வாக்கியத்தின் அமைப்பு கண்ணில் பட்டது. அகதி வாழ்வில் தாம் இழந்தது எதுவென்று சொல்ல வந்த பெண், உணவையும் அறிவுரையையும் ஒரே மூச்சில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, அபிசீனியாவில் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை என்பது. நஜாஷி மன்னர் அவர்களை நல்ல முறையில் பாதுகாத்தார். எவருக்கும் பிடித்துக் கொடுக்க மறுத்தார். தஞ்சம் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் அறிவு கிடைக்காத ஆண்டுகளை ஓர் இழப்பாக அவர் கணக்கில் வைத்திருந்தார். அதற்காகக் கோபப்பட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தக் கோபத்தைத் தவறென்று சொல்லவில்லை. மற்றவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்று அவருக்குத் தீர்ப்பளித்தார்கள்.

ஆகவே, முதலில் வயிறு, பிறகு பாடம் என்ற வரிசை நாம் வகுத்தது. அகதியாக வாழ்ந்த பெண் அப்படி வரிசைப்படுத்தவில்லை.

இன்றைய நிலைமையைச் சற்றுப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்கள் வசமாயிற்று. ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளின் பள்ளிகள் மூடிக்கிடந்தன. 2022 மார்ச் 23 அன்று திறப்பதாகச் சொல்லி, பிள்ளைகள் வந்து சேர்ந்த அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகக் கதவும் பெண்களுக்கு அடைக்கப்பட்டது. இது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் தய்யிப் அவர்கள் அந்த வாரமே அறிவித்தார்கள். 2024 டிசம்பரில் தாதி, மருத்துவச்சிப் பயிற்சியும் நிறுத்தப்பட்டது. அந்நாட்டில் உயர்நிலைக் கல்வி மறுக்கப்பட்ட பெண் பிள்ளைகள் குறைந்தது 14 இலட்சம் பேர் என்று யுனெஸ்கோ 2024 இல் கணக்கிட்டது.

படிப்பை நாடியே எல்லை கடந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் எல்லை கடந்த இடத்திலும் நிம்மதி இல்லை. ஆவணமற்ற அகதிகளை வெளியேற்றப் போவதாகப் பாகிஸ்தான் 2023 அக்டோபரில் அறிவித்தது. ஈரானும் 2025 இல் பெருந்திரளாகத் திருப்பி அனுப்பியது. இன்று பெஷாவரில் இருப்பவள் அடுத்த மாதம் எங்கே இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பாதியில் நிற்கும். அவளோடு கூடவே நடக்கக்கூடிய பள்ளிக்கூடம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் கையிலுள்ள கைப்பேசி.

அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும். வகுப்பறை என்று நாம் கற்பனை செய்வதுபோல் எல்லோரும் ஒரே நேரத்தில் திரையில் முகம் பார்த்து அமர்வது குறைவு. அதற்கு இணையச் செலவு அதிகம். பெரும்பாலும் பாடம் எழுத்தாகவோ சிறு ஒலிப்பதிவாகவோ வந்து சேரும். நேரம் வாய்க்கும்போது திறந்து படித்து, விடை எழுதி அனுப்ப வேண்டும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. பகலெல்லாம் அண்ணன் கையிலோ தந்தை கையிலோ இருக்கும். மற்றவர் உறங்கிய பிறகுதான் அவளுடைய பள்ளிக்கூடம் திறக்கும். 2009 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட யுனிவர்சிட்டி ஆஃப் தி பீப்பிள் என்ற பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. தேர்வுக்கென்று உள்ள கட்டணத்தையும் ஆப்கான் பெண்கள் பலருக்கு உதவித்தொகையால் ஈடுசெய்கிறது. ஒன்பது வாரத்துக்கு ஒரு பருவம் என்று பாடங்கள் ஓடுகின்றன. இதுபோன்ற சில திட்டங்களில் பாடத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்: வாரம் ஒருமுறை மூத்த பெண்மணி ஒருவர் மாணவியோடு பேசுவார். பாடத்தைப் பற்றி மட்டுமல்ல. உறக்கம் வருகிறதா, அழுகை நின்றதா என்பதைப் பற்றியும். துக்கத்தில் இருப்பவளுக்குக் கணக்கு மட்டும் தலையில் ஏறாது என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் செய்த ஏற்பாடு அது.

இனி ஜகாத் விஷயத்துக்கு வருவோம். ஹாஜியாருக்கு நாம் சொல்ல வேண்டிய பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் தலையாயது. ஒருவருக்கு உழைத்துச் சம்பாதிக்க வலிமை உண்டு, ஆனால் அவர் கல்வியில் ஈடுபட்டிருக்கிறார், சம்பாதிக்கப் போனால் கல்வி தடைபடும் என்றால், அவர் ஏழைக் கணக்கிலேயே சேர்வார் என்கிறது அந்நூல். அதே இடத்தில் இன்னொன்றும் சொல்லப்படுகிறது: ஒருவர் நஃபிலான வணக்கங்களுக்காகச் சம்பாத்தியத்தை விட்டால் அவருக்கு இச்சலுகை இல்லை. இரவெல்லாம் நின்று தொழுபவருக்கு இல்லாத சலுகை புத்தகத்தோடு அமர்ந்திருப்பவருக்கு உண்டு! காரணம், தொழுகின்றவரின் நன்மை அவரோடு நிற்கிறது. கற்றவரின் நன்மை பிறரைச் சென்றடைகிறது.

உண்மை, அங்கே கல்வி என்றது மார்க்கக் கல்வியையே என்று விரிவுரையாளர்கள் வரையறுத்தார்கள். அதை மறைத்துவிட்டு வாதாட நமக்கு விருப்பமில்லை. ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள் என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் ஒருவரும் கற்கவில்லையென்றால் ஊர் முழுவதும் குற்றவாளி என்பதுதானே அதன் பொருள்? பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிற நாம், அந்தப் பெண் வைத்தியர் எங்கே படித்து வருவார் என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

கைப்பேசி வாங்கித் தருவது ஜகாத்தாகுமா என்பது இளைஞர் கேட்ட இன்னொரு கேள்வி. கைத்தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்கலாம், அதன் விலை குறைவாயினும் கூடுதலாயினும் சரி என்று நவவீ இமாம் அவர்கள் தமது மஜ்மூஃவில் விளக்கியிருக்கிறார்கள். தச்சனுக்கு உளி. தையல்காரிக்கு இயந்திரம். பாடமே கைப்பேசியில் நடக்கிறவளுக்கு எது கருவி என்று நாம் சொல்லத் தேவையில்லை.

ஒரு தடையும் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி, உள்ளூரில் ஜகாத்துக்கு உரியவர்கள் இருக்கும்போது அதை வெளியூருக்கு மாற்றக் கூடாது. ஆகவே நம் ஊர் விதவையின் பங்கை எடுத்துப் பெஷாவருக்கு அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இதில் ஹாஜியாரின் எச்சரிக்கை சரியானதே. தூரத்தில் இருப்பவருக்கு ஸதகாவிலிருந்து தர வேண்டும். ஹனஃபிகள் தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஜகாத் பெட்டியில் இருந்து எடுக்க முடியாது என்பதால் கடமை தீர்ந்தது என்றாகிவிடாது. கேட்பவருக்கும் இல்லாமல் நிற்பவருக்கும் செல்வந்தரின் பொருளில் உள்ள பங்கைச் சொல்லுமிடத்தில் திருமறை ஆள்வது 'ஹக்கு' என்ற சொல்லை. ஹக்கு என்றால் உரிமை. அவருடைய பொருள் நம்மிடம் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுப்பவன் கடனைத் தீர்க்கிறான். கொடையாளி என்று மார்தட்ட அவனுக்கு என்ன இருக்கிறது?

நம் இமாமின் கதையே இதற்குச் சான்று. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150 இல் காஸாவில் பிறந்தவர்கள். இன்று பெயரைக் கேட்டாலே நெஞ்சு கனக்கிறதே, அதே காஸாதான். தந்தை இறந்துவிட, தாயார் கைக்குழந்தையோடு மக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆசிரியருக்குக் கொடுக்க அந்த அம்மையாரிடம் ஒன்றுமில்லை. ஆசிரியர் இல்லாத நேரத்தில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான் என்ற ஏற்பாட்டில் அந்தச் சிறுவனைக் கூலியின்றிச் சேர்த்துக்கொண்டார்கள். காகிதம் வாங்க வழியில்லாமல் எலும்புகளில் எழுதிக் கற்றார்கள். அந்த ஆசிரியர், முதலில் இந்தக் கைம்பெண்ணின் வயிறு நிறையட்டும் என்று அனுப்பியிருந்தால், நாம் இன்று எந்த மத்ஹபில் நின்று ஜகாத் கணக்குப் பேசிக்கொண்டிருப்போம்?

சில வீடுகளில் வேறு விதமான தயக்கம் உண்டு. முகம் தெரியாதவர்களோடு பெண் பிள்ளை இரவில் கைப்பேசியில் பேசுவதா என்பார்கள். கவலை நியாயமானது, எழுத்திலும் ஒலியிலும் பாடம், படக்கருவியை அணைத்து வைக்கும் உரிமை, பெண் ஆசிரியைகள் என்று அதற்கு வழி செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். பெருமானார் காலத்துப் பெண்கள், ஆண்கள் சூழ்ந்துகொண்டு எங்களுக்கு வாய்ப்பில்லாமல் செய்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று நேரில் கேட்டார்கள். கணவன்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. நாள் ஒதுக்கப்பட்டது.

இன்னும் சிலர், கற்பிப்பவர்கள் நம்மவர் அல்லரே என்று இழுக்கிறார்கள். கென்யாவின் ககுமா முகாமில், சோமாலிய முஸ்லிம்கள் ஏராளமாக வாழும் இடத்தில், 2010 முதல் இணையவழி உயர்கல்வி நடத்துவோர் இயேசு சபைப் பாதிரிமார். பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை என்று தீர்மானிக்கப்பட்டதே, அவர்கள் யார்? நேற்றுவரை வாளேந்தி வந்த இணைவைப்பாளர்கள். பாதிரிமார் செய்கிறார்களே என்று குறைப்படுவதைவிட, நாம் செய்யவில்லையே என்று வெட்கப்படுவது மேல்.

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த இலவசப் பாடங்களில் நமக்கு ஓர் அச்சம் உண்டு. மதீனாவில் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களும் ஸஃது பின் ரபீஃ (ரலி) அவர்களும் சகோதரர்களாக்கப்பட்ட வரலாறு யாவரும் அறிந்தது. சொத்தில் பாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அன்சாரி. அந்த அகதியோ அவருக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். பனூ கைனுகாவின் சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று அவர் தலையெடுத்தார். வந்தவருக்குச் சந்தைக்குள் நுழைய அனுமதி இருந்தது என்பதை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். இன்றைய அகதிப் பெண்ணுக்குப் பாடம் வருகிறது, சந்தை திறக்கவில்லை.

2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் மியன்மரிலிருந்து வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தார்கள். இடம் கொடுத்தது அந்த ஏழை நாட்டின் பெருந்தன்மை. அதை மறக்கக் கூடாது. ஆனால் முகாமுக்கு வெளியே வேலை செய்ய அவர்களுக்கு அனுமதியில்லை. 2019 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய ஓராண்டுக் காலம் முகாம்களில் கைப்பேசி இணையமே முடக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானிலும் 2025 செப்டம்பர் இறுதியில் இரண்டு நாள் நாடு முழுவதும் இணையம் அறுந்தது. அந்த இரண்டு நாள் அங்குள்ள மாணவிகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. இணையத்தை நம்பி நடக்கும் கல்வியை ஒருவர் ஒரு கம்பியைப் பிடுங்கி நிறுத்திவிட முடிகிறது.

படித்து முடித்தவளுக்கும் தொல்லை விடுவதில்லை. பழைய சான்றிதழ்கள் ஓடிவந்த வழியில் தொலைந்திருக்கும். தொலைந்த சான்றுகளுக்கு ஈடாக யுனெஸ்கோ ஒரு தகுதிக் கடவுச்சீட்டை உருவாக்கி 2019 இல் ஜாம்பியாவில் சோதித்துப் பார்த்தது நல்ல முயற்சி. உலக அகதிகளில் உயர்கல்வியில் இருப்போர் அவ்வாண்டில் நூற்றுக்கு 3 பேர்தாம். 2030 க்குள் 15 ஆக்க வேண்டும் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் குறிக்கோள். ஆனால் கதவைத் திறக்க வேண்டிய நாடுகள், பாடம்தான் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு உறங்குமானால், அந்தப் பாடம் அவற்றின் மனச்சாட்சிக்குத் தாலாட்டாகிவிடும். நம் அச்சம் அதுதான். ஸதகா அனுப்பிய நாமும் அப்படி உறங்கிவிட இடமுண்டு.

கொடுக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. உதவி பெற்ற பெண்ணின் படத்தைப் போட்டு, அவள் அழுத கதையை எழுதி, இன்னாரின் உதவியால் என்று முழங்கும் வழக்கம் பெருகிவிட்டது. சொல்லிக்காட்டுவதும் நோகடிப்பதும் தர்மத்தை அழித்துவிடும் என்பது சூரா பகராவின் எச்சரிக்கை. அந்த அத்தியாயமே, கேட்க நாணி நிற்பதால் அறியாதவர் செல்வந்தர் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றியும் பேசுகிறது. நபி பள்ளியில் தங்கிக் கற்ற திண்ணைத் தோழர்களை நோக்கியே அவ்வசனம் இறங்கிற்று என்று விரிவுரையாளர்கள் கூறுவர். பெரும்பாலும் வீடின்றி வந்தவர்கள், மாணவர்கள், ஏழைகள். அவர்களின் முகத்தை எவரும் கடைத்தெருவில் மாட்டி வைக்கவில்லை. நாடு திரும்ப நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பெண்ணின் முகத்தை நாம் ஏன் மாட்ட வேண்டும்?

பெருநாள் கழிந்து ஒரு மாலையில் ஹாஜியாரை அவர் வீட்டில் சந்தித்தோம். அஸ்மா (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னோம். பெருமானாரின் அந்தத் தீர்ப்பைக் கேட்ட கப்பல் கூட்டத்தார் கூட்டம் கூட்டமாக அஸ்மா அவர்களிடம் வந்து அந்த ஹதீஸைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சென்றார்கள் என்பதையும், பாடம் கிடைக்கவில்லை என்று வருந்திய அகதிப் பெண்ணே பிறருக்கு ஆசிரியையாக அமர்ந்ததையும் சொன்னோம். பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, அத்திட்டங்களில் கூலியின்றிக் கற்பிக்கப் பெண்களைத் தேடுகிறார்கள், வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் போதும் என்றும் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே அவர் பேத்தி பாத்திரங்களை எடுத்து வைக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. கணிதத்தில் முதுகலை முடித்தவர். திருமணமாகி, கைக்குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தார்.

"இஷாவுக்குப் பிறகு குழந்தை தூங்கிவிடும்" என்றார் ஹாஜியார். "பாகிஸ்தானில் நம்மைவிட நேரம் எவ்வளவு வித்தியாசம்?"

"அரை மணி பின்னால்."

"அப்படியானால் இங்கே ஒன்பது, அங்கே எட்டரை" என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பிப் பேத்தியைக் கூப்பிட்டார்.